அமரத்துக்குப் போன பீரோ

கண்ணுகளா, இப்படிக் கிட்ட வந்து உட்காருங்கள். பீரோவோடு மல்லுக்கட்டிய ஒரு தையல்காரியின் கதை சொல்கிறேன், சிரிப்புக்கு நான் பொறுப்பு.

அவள் புருஷன் முப்பது வருஷம் கப்பலில் சுக்கான் பிடித்தவர். ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தவர் கப்பலையும் கூடவே கூட்டி வந்துவிட்டார். தெருவாசல் முன்கோடி, அதனால் அணியமாம்; சமையலறை பின்கோடி, அதனால் அமரமாம். "துணி அமரத்துல காயுது" என்பார். அவள் தம்பி வந்தால் "அமரத்துக்குப் போய்க் கை கழுவு மாப்ளே" என்பார். ஒருநாள் அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"இனிமே அந்த வார்த்தை காதுல விழுந்துச்சு, உங்க டீய நீங்களே போட்டுக்கணும்."

மனிதர் டீக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டார்.

பீரோ வந்த அன்றைக்குப் பத்து மணிக்கு அவளுக்கு ஓட்டுநர் தேர்வு. இது மூன்றாவது தடவை. முன்பு இரண்டு தடவையும் வண்டியைப் பின்னால் எடுக்கச் சொன்னதும் கழுத்தைத் திருப்பினாள். பின்னால் இருந்ததெல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்துவிட, முதல் கியரைப் போட்டு எதிரே இருந்த கம்பத்தில் முட்டினாள். இதிலும் தோற்றால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும்.

அவள் அறைக்குள் சேலை மாற்றும் நேரம் பார்த்துப் புதுப் பீரோ வந்து இறங்கியது. குறுகிய நடைவழியில் அதைத் தூக்கி வந்த புருஷனும் தம்பியும் சரியாக அவள் அறை வாசலில் சிக்கவைத்தார்கள். தெருப்பக்கம் புருஷன், சமையலறைப் பக்கம் தம்பி, நடுவே பீரோ, அது அடைத்த அறைக்குள்ளே அவள். மணி ஒன்பது இருபது.

"பின்னால இழுங்க" என்றாள். இருவரும் இழுத்தார்கள், அவரவர் முதுகுப்பக்கம். பீரோ அசையவில்லை. "முன்னால தள்ளுங்க" என்றாள். இருவரும் முகத்துக்கு நேரே தள்ளினார்கள். பீரோ முனகியதோடு சரி. தம்பி மாமாவைத் திட்ட, மாமா தம்பியைத் திட்ட, மணி ஒன்பது முப்பத்தைந்து.

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. நம் முன்னும் பின்னும் நாம் திரும்பினால் கூடவே திரும்பிவிடும். கப்பலில் எவன் எந்தப் பக்கம் பார்த்து நின்றாலும் அமரம் கப்பலின் பின்கோடிதான், ஆளுக்கு ஆள் மாறாது. டீ போனால் போகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

"ரெண்டு பேரும் அமரத்துக்கு நகத்துங்க."

புருஷன் தள்ள, தம்பி இழுக்க, பீரோ வெண்ணெயாக வழுக்கிச் சமையலறை வாசலில் போய் நின்றது. புருஷன் மெல்லச் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

தேர்வில் வண்டியைப் பின்னால் எடுக்கச் சொன்னார் அதிகாரி. கழுத்தைத் திருப்பியவள், முகம் எங்கே இருந்தால் என்ன, டிக்கி இருக்கும் பக்கம்தான் அமரம் என்று முணுமுணுத்தபடி கியரை மாற்றினாள். வண்டி கோடு தாண்டாமல் ஊர்ந்து போய் நின்றது. என்ன மந்திரம் அது என்று கேட்டாராம் அதிகாரி. குடும்ப விஷயம் என்றாளாம்.

வீட்டுக்கு வந்ததும் புருஷன் கேட்டார், "வார்த்தைய நீதானே சொன்ன, அப்ப டீ யாரு போடறது?"

"பாஸாயிட்டேன்" என்று காலை நீட்டி உட்கார்ந்தாள் அவள். "அமரத்துக்குப் போய் ரெண்டு டீ போட்டு எடுத்துட்டு வாங்க."

உங்கள் வீட்டில் எந்தப் பீரோவும் வாசலை அடைக்காமல், இருப்பவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் தள்ளி, நன்றாக இருங்கள் கண்ணுகளா.