இரண்டு தட்டு

அம்மா லிஃப்டில் மாட்டிக்கொண்டாள் என்று காவல்காரர் கத்திக்கொண்டே ஓடிவந்தபோது, அண்ணன் தெருமுனையில் வண்டியை நிறுத்தி டீ குடித்துக்கொண்டிருந்தான். ஈஸ்டர் அதிகாலை ஆராதனை முடிந்து, அம்மாவை அவளுடைய குடியிருப்பு வாசலில் கொஞ்ச நேரம் முன்புதான் இறக்கிவிட்டிருந்தான். எப்போதுமே வாசலோடு சரி. ஐந்தாம் மாடியில் அம்மாவோடு இருக்கும் தம்பியின் முகத்தில் விழிக்கக் கூடாது என்பதற்காகவே ஏழெட்டு வருஷமாக அந்த வாசலைத் தாண்டாமல் காலத்தை ஓட்டியவன். ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் பழுது பார்க்கிற மெக்கானிக், பெற்ற தாய் தினமும் ஏறி இறங்கும் லிஃப்டை ஒரு தடவைகூடத் தொட்டுப் பார்த்ததில்லை. இதை எங்கே போய்ச் சொல்ல.

"நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல நின்னுடுச்சு சார். கம்பெனிக்குப் போன் பண்ணேன். லீவு நாள், ஆள் வர நேரமாகும்னு சொல்றாங்க. அம்மா முதல்ல நல்லா சத்தம் போட்டாங்க. இப்ப குரல் குறைஞ்சுக்கிட்டே வருது."

அம்மா இருதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவள். மூடிய இடம் என்றாலே மூச்சு முட்டும் என்று குளியலறைக் கதவைக்கூடத் தாழிட மாட்டாள். அண்ணன் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினான். ஐந்தாம் மாடியில் தம்பி லிஃப்ட் கதவு இடுக்கில் வாயை வைத்துப் பேசிக்கொண்டிருந்தான். பெயிண்ட் அடிக்கிற வேலை, கழுத்தில்கூட வெள்ளைப் புள்ளிகள்.

"மெதுவா மூச்சு விடும்மா. நான் இங்கதான் நிக்கிறேன். கேட்டுச்சா?"

கேட்டுச்சா. அதுதான் இப்போது அவன் பெயரே. கூட வேலை செய்கிறவர்கள் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். குக்கர் விசில் வந்தாலும் கேட்டுச்சா, யாராவது கதவைத் தட்டினாலும் கேட்டுச்சா. பக்கத்தில் இருப்பவர் ஆமாம் என்று சொன்னால்தான் எழுந்து போவான். எல்லாரும் சிரிப்பார்கள். அம்மா அதைச் சிரிக்காமல்தான் சொன்னாள். அண்ணனுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

ஒரு காலத்தில் இருவரும் ஒரே கம்பெனியில் ஜோடியாக வேலை பார்த்தவர்கள். ஒருவன் லிஃப்ட் குழிக்குள் இறங்குவான், இன்னொருவன் மேலே சுவிட்சருகில் நிற்பான். குரல் எதிரொலியில் குழம்பும் என்பதால் குழிக்குள் இருப்பவன் ஸ்பேனரால் லிஃப்ட் ஓடும் இரும்புத் தண்டவாளத்தில் தட்டுவான். ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு தட்டு என்றால் போடு. இரண்டு தட்டு வராமல் எவனும் சுவிட்சைத் தொடக் கூடாது. தொழிலில் இதுதான் சட்டம், இதுதான் சாமி. அப்படியிருந்தும் ஒரு நாள் தம்பி சுவிட்சைப் போட்டான், அண்ணனின் வலது கையில் இரண்டு விரல்கள் போயின.

"ரெண்டு தட்டு கேட்டுச்சு, அதான் போட்டேன்" என்று தம்பி ஆஸ்பத்திரி வராந்தாவில் அழுதான். "நான் தட்டவே இல்ல" என்றான் படுக்கையில் கிடந்த அண்ணன். கட்டுப்போட்ட கை யார் பக்கம் பேசும்? தம்பிக்கு வேலை போயிற்று. கொஞ்ச நாளில் அவனுக்குத் தன் காதின் மேலேயே நம்பிக்கை போயிற்று.

அண்ணன் தட்டியிருந்தான். பசி அவசரத்தில் இரண்டு தட்டும் தட்டிவிட்டு, கப்பியருகில் கிடந்த துணியை எடுக்கக் கையை நீட்டியவன் அவன்தான். அவனையும் ஆண்டவரையும் தவிர இது யாருக்கும் தெரியாது.

அன்றிலிருந்து அவன் திருவிருந்தைத் தொடவில்லை. அப்பமும் திராட்சரசமும் வரும்போது வரிசையில் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்பான். தம்பிமேல் உள்ள கோபம் தீராமல் பந்திக்குப் போகக் கூடாது என்று நினைக்கிறான் போலிருக்கிறது, எவ்வளவு பயபக்தியான ஆள் என்று சபையில் அவனை மெச்சிக்கொண்டார்கள். அந்தப் பாராட்டு வேறு.

இதோ அந்தத் தம்பி கதவோரமாக ஒதுங்கி வழி விட்டான். "வாங்கண்ணே" என்றான், நேற்றுதான் பார்த்தது மாதிரி.

அண்ணன் சாவியைப் போட்டு ஐந்தாம் மாடிக் கதவைத் திறந்து டார்ச் அடித்தான். லிஃப்ட் கூண்டின் கூரை சற்றுக் கீழே தெரிந்தது. கூண்டுக் கதவின் பூட்டில் இருக்கும் சிறிய நாக்கு உடைந்து தொங்கியது. கதவு மூடியிருக்கிறது என்று அது சொன்னால்தான் லிஃப்ட் நகரும். ஒருவன் கூரைமேல் உட்கார்ந்து அதை ஸ்க்ரூடிரைவரால் அழுத்திப் பிடித்துக்கொண்டே மேலே வர வேண்டும். அங்கே இருக்க வேண்டிய பாதுகாப்பு சுவிட்ச் எப்போதோ செத்துப்போயிருந்தது. கையை வைக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே கப்பி.

"நீ மேல மெஷின் ரூமுக்குப் போ. மெயினை நிறுத்து. நான் ரெண்டு தட்டு தட்டினதும் போடு. கூண்டு தரைமட்டத்துக்கு வந்ததும் ஒரு தட்டு, அந்த நொடியே நிறுத்தணும். கொஞ்சம் தாண்டினாலும் என் தலை மேல் தளத்துல மோதிடும்."

தம்பி ஓரடி பின்வாங்கினான். "நிறுத்துறேன். போட மாட்டேன். காவல்காரரைப் போடச் சொல்லுங்க."

"அவருக்கு எது என்னன்னு தெரியாதுடா."

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் நூலாக வந்தது. "ஏண்டா... யாராச்சும் இருக்கீங்களா?" தம்பி மேலும் நிற்காமல் மெஷின் ரூம் ஏணிப் பக்கம் ஓடினான்.

அண்ணன் கூரைமேல் இறங்கிக் குந்தினான். காவல்காரர் வெளிக்கதவைச் சாத்தினார். அதுவும் மூடினால்தான் லிஃப்ட் ஓடும். இருட்டு வந்து அப்பிக்கொண்டது. மேலே கயிறுகள் இறங்கும் ஓட்டையில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம், அதில் தம்பியின் முகம். உடைந்த நாக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு அண்ணன் ஸ்பேனரால் இரண்டு தட்டு தட்டினான்.

ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் தட்டினான்.

"என்னால முடியலண்ணே." தம்பி ஓட்டையில் வாயை வைத்துச் சொன்னான். "தட்டு கேட்குது. ஆனா அன்னிக்கும் இப்படித்தானே கேட்டுச்சு. இல்லாத சத்தத்தைக் கேட்ட காது இது. இப்பவும் இது என் பிரமையா இருந்தா? கீழ அம்மா வேற இருக்காங்க."

"நான்தாண்டா தட்டினேன். போடு."

"நீங்க சொல்றதும் நிஜமா கேட்குதான்னு எனக்குத் தெரியலையே."

கீழே அம்மா பேசுவதை நிறுத்திவிட்டாள். அவள் மூச்சு இழுக்கும் சத்தம் மட்டும் கூரை வழியாக அண்ணனின் முழங்காலுக்கு வந்தது. விடியற்காலையில் போதகர் சொன்னது, அப்போது பாதித் தூக்கத்தில் கேட்டது, இப்போது முழுசாக வந்து நின்றது. "கல்லறை திறந்தாச்சு. உங்க பாவத்துக்கு மன்னிப்பும் எப்பவோ கொடுத்தாச்சு. உள்ளேயே உட்கார்ந்துகிட்டு கதவைப் பிடிச்சுக்கிட்டிருக்கிறது நாமதான்." கதவை இவன் பிடித்துக்கொண்டிருந்தான் சரி, உள்ளே தம்பியையும் அல்லவா வைத்திருந்தான். ஆண்டவரே, என்றான். அதற்கு மேல் ஜெபிக்க அவனுக்கு வார்த்தை வரவில்லை. சொல்ல வேண்டியது மேலே இருப்பவனிடம்.

"தம்பி. அன்னிக்கு நான் தட்டினேன்."

ஓட்டையில் முகம் அசையவில்லை.

"ரெண்டு தட்டு. நீ கேட்டது நிஜம். தட்டிட்டுத்தான் கப்பிக்கிட்ட கையை விட்டேன். என் தப்பு. ஆஸ்பத்திரியில பொய் சொன்னேன். வேலை போயிடுமேன்னு பயம். அப்புறம் திருத்திச் சொல்ல வாய் வரல. உன் காதுல ஒரு கோளாறும் இல்ல. என் நாக்குலதான்."

சொல்லிவிட்டான். ஏழெட்டு வருஷமாக நெஞ்சில் கிடந்த பாறாங்கல் அவ்வளவு சின்ன வார்த்தைகளில் வெளியே வந்து விழுந்தது. உடனே வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. ஓட்டையிலிருந்து முகம் மறைந்துவிட்டது. சுவிட்ச் அவன் கையில், தன் உயிர் கப்பிக்குப் பக்கத்தில். வேலையும் போய், பெயரும் போய், தன் காதையே நம்பாமல் பாதி ஆளாக வாழ்ந்தவன் அங்கே நிற்கிறான். அவன் என்ன செய்தாலும் கேட்க எனக்கு வாயில்லை என்று அண்ணன் நினைத்தான். ஆனாலும் ஸ்க்ரூடிரைவரைப் பூட்டிலிருந்து எடுக்கவில்லை. பயம் அடிவயிற்றில் இருந்தது, நெஞ்சு மட்டும் லேசாக இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் ஒரு மனிதனுக்குள் இருக்க முடியும் என்பது அவனுக்கே புதிதாகத்தான் இருந்தது.

"இடது கை எங்க இருக்கு?" மேலிருந்து குரல் வந்தது. அதில் ஈரம் இல்லை.

"பூட்டுல."

"வலது கை?"

"ஸ்பேனர் பிடிச்சிருக்கு. கப்பிக்கிட்ட எதுவும் இல்ல."

"நல்லா பாத்துச் சொல்லுங்க."

அண்ணன் நன்றாகப் பார்த்தான். மூன்று விரல்களும் ஸ்பேனரைச் சுற்றி இருந்தன. "பாத்துட்டேன்டா."

"அப்ப தட்டுங்க."

இரண்டு தட்டு. கூண்டு ஒரு குலுக்கு குலுக்கி மேலே ஏறியது. அண்ணன் தலையை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டான். மேல் தளம் பிடரியை நோக்கி இறங்கி வந்தது. வெளிக்கதவின் அடிவிளிம்பில் கூண்டு சரியாக வந்து பொருந்தும்போது ஒரு தட்டு தட்டினான். தட்டின சத்தம் அடங்கும் முன்னே லிஃப்ட் நின்றது.

காவல்காரர் கதவைத் திறந்து அம்மாவைக் கைத்தாங்கலாக வெளியே கொண்டுவந்தார். அண்ணன் கூரைமேலிருந்து இறங்கி வருவதற்குள் அவள் படியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். முகத்துக்கு ரத்தம் திரும்பியிருந்தது. கூண்டுக்குள் இருந்தபடியே எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்பது அவள் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது.

"என்னைக்கூட அவனை நம்பவிடாமப் பண்ணிட்டியேடா" என்றாள். அவ்வளவுதான். அண்ணன் தலைகுனிந்து நின்றான். அடித்திருந்தால் தேவலை.

தம்பி ஏணியிலிருந்து இறங்கி வந்தான். கண் சிவந்திருந்தது. அம்மா அவனைக் கிட்ட இழுத்து இரண்டு காதையும் உள்ளங்கையால் பொத்தி, பிறகு எடுத்தாள், குழந்தையில் குளிப்பாட்டிவிட்டுச் செய்தது மாதிரி. "உனக்கு ஒண்ணுமில்லடா. எல்லாம் சரியாத்தான் கேட்டிருக்கு."

அண்ணன் மூன்று விரல் கையை நீட்டினான். மன்னிச்சிடு என்று சொல்லத்தான் வாயெடுத்தான். தம்பி அந்தக் கையையே வெகுநேரம் பார்த்தான். இத்தனை வருஷத்தில் அவன் அதைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. பிடிக்கவில்லை, தட்டிவிடவும் இல்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினான்.

இருக்கட்டும், அவன் மன்னிக்காவிட்டாலும் இன்றைக்குப் பந்திக்குப் போவேன், இனி மறைக்க ஒன்றுமில்லை என்று அண்ணன் நினைத்துக்கொண்டான்.

"மணி அடிக்குது" என்றான் தம்பி.

அண்ணன் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கீழே ஏதோ வண்டி உறுமிக்கொண்டிருந்தது. காவல்காரரும் உதட்டைப் பிதுக்கினார். தம்பி யார் முகத்தையும் பார்க்கவில்லை, யாரிடமும் எதையும் கேட்கவில்லை. வராந்தாக் கொடியில் கிடந்த வெள்ளைச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு பொத்தான் போட்டான்.

"ரெண்டாம் ஆராதனைக்கு நேரமாச்சு. அம்மாவை மெதுவா பிடிங்கண்ணே, படியிலேயே இறங்கிடலாம்."

கீழே உறுமிய அந்த வண்டி போய்த் தெரு அடங்கிய பிறகுதான், தூரத்துக் கோயில் மணி அண்ணனின் காதுக்கு எட்டியது.