டெரெல் பிரிக்காத உறை

"சர்ச்ல அத்தனை பேரும் உங்களுக்காக வேண்டிக்கிட்டிருக்கோம் கண்ணு. ரெண்டு பேருக்கும் இந்த டொலீடோவுலயே எடம் கெடைச்சிடும், பாத்துக்கிட்டே இரு" என்றாள் லோரேன்.

மருத்துவக் கல்லூரி மண்டபத்தில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கெல்சி வாயிலிருந்த கேக்கை மென்றுகொண்டே இருந்தாள். வருங்கால மாமியார் இவ்வளவு ஆசையாக வேண்டிக்கொள்கிறாள். அது பலித்தால் தன் பிழைப்பில் மண்தான் என்று அவளிடம் எந்த வாயால் சொல்வது?

விஷயம் இதுதான். மருத்துவப் படிப்பு முடிகிற வருஷம், யார் எந்த ஊரில், எந்தத் துறையில் மேற்பயிற்சிக்குப் போகவேண்டும் என்பதை ஒரு கம்ப்யூட்டர்தான் தீர்மானிக்கிறது. மாணவர்கள் கேட்பதையும் ஆஸ்பத்திரிகள் கேட்பதையும் பொருத்திப் பார்த்து அது முடிச்சுப் போடும். கல்யாணம் நிச்சயமானவர்கள் தங்கள் விருப்பங்களைச் சேர்த்துக் கட்டிக் கொடுக்கலாம். அப்படிக் கொடுத்தால் ஜோடியாக ஒரே ஊரில்தான் இடம்.

லோரேனின் மகன் டெரெல் கேட்டது குடும்ப மருத்துவம். வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிடாத குறையாக எல்லா ஊரிலும் கூப்பிடுகிற துறை. கெல்சி கேட்டதோ எலும்பு அறுவை. அதற்கு நாடு முழுக்க அடிதடி. "உன் மார்க்குக்கு அது கெடைக்கறதே கஷ்டம். இதுல அவனையும் சேத்துக் கட்டிக்கிட்டா சுத்தம்" என்றார் ஒரு பேராசிரியர். "இந்தக் கைய வெச்சுக்கிட்டு இடுப்பெலும்புல சுத்தியல் அடிப்பியா?" என்றார் இன்னொருவர். அவர் மனைவிக்கு ஒடிந்த இடுப்பைச் சரிசெய்தபோது அந்தக் காலை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தது இந்தக் கைதான் என்பது அவருக்குத் தெரியாது. கெல்சியும் சொல்லிக்கொள்ளவில்லை.

"என்ன அவுத்து விட்டுடு கெல்ஸ். தனியா கேட்டா உனக்குக் கெடைக்கும்" என்று டெரெல்கூட ஒருநாள் ஆரம்பித்தான்.

"அவுத்து விட நீ என்ன ஆட்டுக்குட்டியா? வாய மூடிக்கிட்டு பேரை எழுது" என்றாள் கெல்சி. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

விருப்பப் பட்டியலில் மேலே எலும்பு கிடைக்கக்கூடிய வெளியூர்களாக எழுதினார்கள். எதுவுமே அமையாவிட்டால் என்று கடைசியில் டொலீடோ. இங்கே அவளுக்குக் கிடைப்பது ஒரு வருஷத் தற்காலிக வேலை. அடுத்த வருஷம் மறுபடி முதலிலிருந்து கையேந்த வேண்டும். இருவருக்கும் இடம் உண்டு என்று திங்கட்கிழமையே மின்னஞ்சல் வந்துவிட்டது. எங்கே, எதில் என்பது மட்டும் இன்று ஆளுக்கொன்றாக ஒட்டி வைத்த உறைக்குள் இருந்தது.

நண்பகலில் டீன் அம்மாள் உருளைப் பெட்டியைச் சுழற்றிப் பெயர்ச்சீட்டுகளை எடுக்க ஆரம்பித்தாள். பெயர் வந்தவர் மேடையேறி, உறையைப் பிரித்து, மைக்கில் வாசிக்கவேண்டும். ஒருவன் வாசித்துவிட்டுத் தரையில் உருண்டான். ஒருத்தி அப்பாவின் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். படித்தவர்கள் அடிக்கிற கூத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அந்த மண்டபத்துக்குத்தான் போகவேண்டும்.

"டெரெல் வேட்கின்ஸ்."

கெல்சி கேக் தட்டைக் கீழே வைத்தாள். அவன் வாயில் டொலீடோ என்று வந்தால் அவள் கதையும் அந்த நொடியே முடிந்தது. வேறு ஊர் வந்தால் எலும்பு.

டெரெல் உறையை வாங்கினான். பிரிக்காமல் மைக்கைப் பிடித்தான். "நான் இங்கயே ஓரமா நிக்கிறேன் டாக்டர். கெல்சி பேர் வரட்டும்" என்றான் டீன் அம்மாளிடம்.

"டேய், பிரிடா. பசிக்குது" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"இதப் பிரிச்சா அவ சேதியும் சேந்து வெளிய வந்துரும். அவளுக்கு என்ன கெடைக்கும், என்ன கெடைக்காதுன்னு நாலு வருஷமா ஆளாளுக்கு சொல்லிட்டாங்க. அந்த வரிசையில நான் நிக்க மாட்டேன். அவளே படிக்கட்டும்."

கூட்டம் ஊளையிட்டது. டீன் அம்மாள் சிரித்து, அடுத்த சீட்டை எடுத்தாள். கெல்சிக்கு அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது, ஓங்கி ஒன்று வைக்கவேண்டும்போலவும் இருந்தது.

அவள் நேரம், பெயர் வரவே இல்லை. பாதி வகுப்பு முடிந்தது, முக்கால்வாசியும் முடிந்தது. மேடையேறிய ஒவ்வொருவரும் டெரெலின் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார்கள். ஒருத்தி அவன் கையில் ஹாட்டாக் ஒன்றைத் திணித்தாள். அவன் உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றபடியே சாப்பிட்டான்.

"இவனுக்குக் கிறுக்கு புடிச்சிருக்கா?" என்று லோரேன் கேட்டாள்.

கெல்சிக்கு இனிமேலும் அடக்க முடியவில்லை. "அத்தை, டொலீடோ வந்தா எனக்கு எலும்பு இல்லைன்னு அர்த்தம். உங்ககிட்ட சொல்ல வாய் வரல."

லோரேன் முகத்தைத் திருப்பிக்கொண்டு மேடையையே பார்த்தாள்.

"கெல்சி நோவாக்."

மூன்று படி ஏறுவதற்குள் இரண்டு தரம் தடுக்கியது. உறை நேராகக் கிழியவில்லை, கோணல்மாணலாகக் கிழிந்தது. முதலில் எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது. பிறகு தெளிந்தது.

"எலும்பு அறுவை" என்று வாசித்தாள். "ஒமாஹா."

மண்டபம் இடிந்து விழாததுதான் மிச்சம். டெரெல் அவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான்.

"இப்பவாவது ஒன்னதப் பிரிடா" என்று கத்தினார்கள்.

"எதுக்கு? அதான் இப்பப் படிச்சாளே" என்று அவன் உறையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான்.

கீழே லோரேன் மட்டும் கைதட்டவில்லை. ஒமாஹா என்றால் காரில் ஒரு பகல் முழுக்கப் போகவேண்டும். ஒற்றைப் பிள்ளை. கெல்சி மேடையிலிருந்து அவளைப் பார்த்தாள். லோரேன் எழுந்தாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக மேடையேறி வந்தாள். வந்தவள் மகனைத் தாண்டி, கெல்சியின் முன்னால் நின்றாள்.

"என் முட்டி ரெண்டும் போச்சு கண்ணு. இந்த ஊர் டாக்டர் இந்த வருஷமே மாத்திடணுங்கறான்" என்றாள். "முடியாதுன்னு சொல்லிடப் போறேன். நீ படிச்சு முடிக்கிற வரைக்கும் நொண்டிக்கிட்டே இருக்கேன்."

அதுவரை அழாத கெல்சி, மைக் திறந்திருப்பதையும் மறந்து விசும்பி விசும்பி அழுதாள்.