கிழக்கு பார்த்த கம்ப்யூட்டர்

ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடி பக்கம் காசிராஜன் நடத்திய கம்ப்யூட்டர் ஜாதகக் கடையில் அதுவரை கருப்பு வெள்ளைத் திரைதான் இருந்தது. தொண்ணூற்றாறு தை மாதம் அவர் மதுரைக்குப் போய் ஒரு கலர் மானிட்டரும் அதற்கான டிஸ்ப்ளே கார்டும் வாங்கி வந்தார். இனிமேல் சுத்த ஜாதகம் வெள்ளைக் கட்டத்தில் வரும், செவ்வாய் தோஷம் உள்ளது சிவப்புக் கட்டத்தில் வரும், யாரும் எழுத்துக்கூட்டி வாசிக்க வேண்டாம் என்று வாசலில் போர்டு வைத்தார்.

கார்டை அவரே கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து மாட்டினார். புது மிஷின் கிழக்கு பார்க்க வேண்டுமல்லவா? பெட்டி சுவரோரம் கரண்ட் பாயிண்டுக்குப் பக்கத்தில் இருந்தது. மானிட்டரை மட்டும் தள்ளிவைத்துக் கிழக்கே திருப்பினார். இரண்டுக்கும் நடுவில் வயர் கொடிக்கயிறு மாதிரி விறைத்து நின்றது. சந்தனம் குங்குமம் வைத்த பிறகே சுவிட்சைப் போட்டார்.

முதல் ஆளாகப் போனது நாங்கள்.

என் அக்கா அழகுத்தாய்க்குச் செவ்வாய் தோஷம். வன்னியம்பட்டியில் அது தெரியாத வீடு கிடையாது. வந்த சம்பந்தமெல்லாம் அதனால்தான் தட்டிப் போனது. மம்சாபுரத்து மாடத்தியம்மாவுக்கு மட்டும் இன்னும் தெரியாது. அவர் மகன் தவசிமுத்துவுக்கு அக்காவைப் பிடித்திருந்தது, அக்காவுக்கும் அவரை. ஆனால் கம்ப்யூட்டர் சொன்னால்தான் தாம்பூலம் மாற்றுவேன் என்று அந்தம்மா எங்களை அந்தக் கடைக்கே வரச் சொல்லிவிட்டார். அம்மாவும் அக்காவும் நானும் பஸ் ஏறினோம்.

காசிராஜன் அக்காவின் பிறந்த நேரத்தைத் தட்டினார். கட்டம் சிவப்பாக வந்தது. அம்மா கொண்டுவந்திருந்த தாம்பூலத் தட்டை முந்தானையால் மூடினாள்.

மாடத்தியம்மா பையைக் கக்கத்தில் இடுக்கி எழுந்தார். வந்ததுக்கு மகனுடையதையும் பார்த்துவிடுங்கள் என்றார், சும்மா பெருமைக்கு. தட்டினால் அதுவும் சிவப்பு.

"எங்க ஜோசியரு சுத்த ஜாதகம்னு எழுதிக் குடுத்தாரே."

"அது கையால எழுதினது ஆச்சி. இது கலரு," என்றார் காசிராஜன்.

அந்தம்மா மறுபடி உட்கார்ந்துவிட்டார். தோஷத்துக்குத் தோஷம் சேர்ந்தால் குற்றமில்லை என்பது அவருக்கும் தெரியும். மகனுக்கு இருக்கிற குறைக்கு இப்படி ஒரு பெண் கிடைத்ததே பெரிது என்று அம்மாவிடம் சொன்னபோது அவர் குரல் தணிந்திருந்தது.

காசிராஜனுக்குத்தான் நெருடியது. தன் ஜாதகத்தைப் போட்டுப் பார்த்தார், சிவப்பு. மனைவியுடையதும் சிவப்பு. சிவப்பாக இல்லாத எழுத்து ஒன்றுகூடத் திரையில் இல்லை. மிஷினை அணைத்தார். கார்டைக் கழற்றி அதன் பல் வரிசை போன்ற முனையை அழிரப்பரால் தேய்த்து மாட்டினார். ஃப்ளாப்பி போட்டு டிரைவரை மறுபடி ஏற்றினார். எலுமிச்சம்பழம் ஒன்றையும் மானிட்டர் மேல் வைத்தார். எல்லாம் சிவப்பு. கடைசியில் கார்டு வாங்கிய மதுரைக் கடைக்கு போன் போட்டார்.

"பெட்டிக்குப் பின்னால மானிட்டர் வயர் ப்ளக்கா? லூசா இருந்தா ஒரு கலருதான் வருமா?" என்று கேட்டுக்கொண்டே மேஜைக்குப் பின்னால் குனிந்தார்.

அக்கா அதுவரை தலை நிமிரவில்லை.

"அண்ணாச்சி," என்றாள். "கெழக்கு பாத்து வச்ச மிஷினு. நல்ல காரியம் பேசுதப்போ அசைக்கலாமா?"

காசிராஜன் கை நின்றுவிட்டது.

"புள்ளை சொல்றது நியாயந்தான்," என்றார் மாடத்தியம்மா. "மொதல்ல தட்டை எடுங்க."

அங்கேயே சிவப்பு வெளிச்சத்தில் தாம்பூலம் மாற்றினார்கள். மாடத்தியம்மா பஸ் ஏறப் போனதும் காசிராஜன் ப்ளக்கை அமுக்கி, இரண்டு ஜாதகத்தையும் மறுபடி தட்டினார். அக்காவின் கட்டம் சிவப்பாகவே நின்றது. தவசிமுத்துவின் கட்டம் பால் மாதிரி வெளுத்தது.

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா இந்த முறை தலையைக் குனியவில்லை.

"ஓடிப்போய்ச் சொல்லுங்க அண்ணாச்சி," என்றாள். "புது மிஷினு மொத நாளே பொய் சொல்லிட்டுன்னு பஸ் ஸ்டாண்டுல வச்சுச் சொல்லுங்க."

வாசலில் செட்டியார்பட்டிக்காரர் ஒருவர் தன் பெண்ணோடும் மாப்பிள்ளை வீட்டாரோடும் காத்திருந்தார். பெண்ணுக்கு வயது முப்பதைத் தொட்டிருக்கும். காசிராஜன் அவர்களை ஒருமுறை பார்த்தார். மதுரைக்கு மறுபடி போன் போட்டு, கார்டில் ஒரு குறையும் இல்லை, எல்லாம் சரியாகிவிட்டது என்று மதுரைக்காரரிடம் சொன்னார். சொல்லிக்கொண்டே மற்றக் கையால் ப்ளக்கைப் பாதிக்கு உருவிவிட்டு, அவர்களை உள்ளே வரச் சொன்னார்.