மேட்டுக்கு அந்தப் பக்கம்

போர்ட் காரோ கடற்கரை கோல்ஃப் மைதானத்தில் ஏழாவது குழிக்குப் பெயர் ‘பன்றி முதுகு’. அடிக்கிறவன் கண்ணுக்குக் குழி தெரியாது. நடுவே அவ்வளவு பெரிய மணல்மேடு. குழிப் பக்கம் ஆடி முடித்தவர்கள் கம்பத்தில் தொங்கும் மணியை அடித்துவிட்டு விலகுவார்கள். மணி கேட்டால்தான் மேட்டுக்கு அந்தப் பக்கம் நிற்பவர்கள் பந்தை அடிப்பார்கள்.

அன்று நான் குழிக்குப் பக்கத்து முட்புதர்மேல் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். எந்தக் காலத்திலிருந்தோ எங்கள் ஊர்ப் பெண்களுக்கு அந்த உரிமை உண்டு. ஆட வருகிற துரைமார்களுக்கு அது பிடிக்காது, பிடிக்காவிட்டால் போகட்டும். துரைமார்களுக்கு மட்டை சுமக்கிறவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை தங்களுக்குள் ஆடும் போட்டி அன்று. கடைசியில் மிஞ்சியது இரண்டு பேர். ஒருவன் என் அண்ணன் லாக்லன், இன்னொருவன் என் புருஷன் கில்கிறிஸ்ட். அவர்களுக்குப் பின்னால் ஆடிவந்த மைதானத்துக் கேப்டன் துரை, மேட்டுக்கு அந்தப் பக்கம் மணிக்காகக் காத்து நின்றார். யார் ஜெயித்தாலும் திண்டாட்டம் எனக்குத்தான்.

கில்கிறிஸ்ட் அண்ணனின் பந்தைக் குதிகாலால் மணலுக்குள் மிதித்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். அண்ணனும் பார்த்துவிட்டான். பந்து கிடக்கிற இடத்திலேயே கிடக்க வேண்டும், கிடக்கிறபடியே அடிக்க வேண்டும். அதில் கைவைக்கிறவனை இங்கே நாய்கூட மதிக்காது.

“கால வச்சு மிதிச்சியே மச்சான்,” என்றான் அண்ணன். “திருட்டுப் பயலே.”

கில்கிறிஸ்ட் இரும்பு மட்டையை அண்ணனின் முழங்காலில் இறக்கினான். எலும்பு முறிந்தது எனக்குக் கேட்டது. விழுந்தவன் சும்மா இருந்தானா? மணலை அள்ளி அவன் கண்ணில் வீசினான், காலை வாரிவிட்டான், மூக்கை உடைத்தான். இரண்டு பேரும் குழியோரம் கட்டிப் புரண்டார்கள். கொடிக்கம்பு சாய்ந்தது, புல்லெல்லாம் ரத்தம். கடைசியில் கில்கிறிஸ்ட் அண்ணனின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து இரண்டு கையாலும் கழுத்தை நெரித்தான்.

“யோவ், விடுய்யா. செத்துருவான்யா,” என்று அவன் தலைமுடியைப் பிடித்து இழுத்தேன். முழங்கையால் ஓர் இடி விட்டான். என் முன்பல் போயிற்று. கத்திப் பார்த்தேன். அந்தக் காற்றிலும் அலையிலும் யாருக்குக் கேட்கும்? அண்ணனின் முகம் நீலம் பாரித்துவிட்டது. என் கூடப்பிறந்தது அவன் ஒருவன்தான்.

ஓடிப்போய் மணியை அடித்தேன்.

மணி கேட்டால் அண்ணாந்து பார்த்து, பந்து எங்கே விழுகிறது என்று குறித்துக்கொள்வது மட்டை சுமக்கிறவன் வேலை. இருபது வருஷம் பழகிய உடம்பு கேட்குமா? கில்கிறிஸ்டின் பிடி தளர்ந்தது, முகம் தானாக மேலே போயிற்று. கல்லாக இறுகிய பந்து மேட்டைத் தாண்டி வந்து அவன் இடது கண்ணுக்குள் இறங்கியது. அண்ணன்மேலேயே சரிந்து, ஒரு தடவை உதறிவிட்டு அடங்கிப்போனான்.

அண்ணன் இருமினான். அந்த இருமலைக் கேட்டுத்தான் நான் அழுதேன். புருஷனுக்காக அழுகை வரவில்லை, பொய் சொல்வானேன்.

பந்தை அடித்த கேப்டன் மேடேறி வந்தார். பிணத்தைக் கண்டதும் மட்டையை நழுவவிட்டார். ஆள் இருக்கும்போது யார் மணி அடித்தது என்று கேட்டார். விவரம் இல்லாத பொம்பளை, தெரியாமல் அடித்துவிட்டாள் என்று அண்ணன் தொண்டை கிழியக் கெஞ்சினான். கேப்டன் அதைக் காதில் வாங்கவில்லை. ஒரு மனுஷனைக் கொன்றுவிட்டேனே என்று மண்டியிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். அண்ணன் என் பாவாடையைப் பிடித்து இழுத்தான், பேசாதே என்று.

“நீங்க கொல்லலய்யா,” என்றேன். “ஆளு இருக்குறது தெரிஞ்சுதான் மணி அடிச்சேன்.”