துணிக்கு அடியில் இருந்த எஞ்சின்

பொம்மை ரயில் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. எதிராளி எந்த எஞ்சின் செய்கிறான் என்று காதில் விழுந்ததும், அதையே நாம் செய்வதாக முந்திக்கொண்டு அறிவித்துவிட வேண்டும். அவன் பயந்து கைவிட்டுவிடுவான். அறிவிப்புக்குச் சக்கரம் வேண்டாம், படம் போதும். முதலாளி முப்பது வருடம் இப்படித்தான் கொடிகட்டிப் பறந்தார்.

போன வருடம் அவருடைய மச்சினன் தனிக்கடை போட்டு, மலை எஞ்சின் ஒன்றில் கைவைத்தான். சேதி மனைவி வழியாக வந்து சேர, முதலாளியும் படம் போட்டு அதையே அறிவித்தார். மச்சினன் பின்வாங்கவில்லை. இன்று கண்காட்சியில் இருவருக்கும் எதிரெதிர் மேசை. முதலாளியின் மேசையில் மூடியிருந்த துணிக்கு அடியில் இருந்தது, கறுப்படித்த மரக்கட்டை. துணி விலகினால் மானம் போய்விடும்.

வேவு பார்க்க எதிர் மேசைக்குப் போனார்.

விரல் நீள எஞ்சின் ஒன்று மூச்சு வாங்கியபடி மேடேறிக்கொண்டிருந்தது. அதில் கரி அள்ளுகிற குட்டி ஆளின் கால்சட்டையில் போட்ட ஒட்டுகூடத் தெரிந்தது. முதலாளி முழங்கால் வலியை மறந்து மண்டியிட்டார்.

"எப்படிடா செஞ்சே?"

"உங்க அறிவிப்புப் படத்தப் பாத்து ஆடிப்போயிட்டேன் மாமா. கால்சட்டையில ஒட்டு வரைக்கும் இருந்துச்சே! அதான் ஒரு வருஷமா தூங்கல. துணிய எடுங்க, உங்களோடதப் பாப்போம்."

படத்தில் ஒட்டுப்போல் இருந்தது அச்சகத்தார் விட்ட மைக்கறை.

"அடியில வெறும் கட்டைடா," என்றார் முதலாளி, எஞ்சினிலிருந்து கண்ணை எடுக்காமல். "அது கிடக்கட்டும். இன்னொரு தடவ மேடேத்து."