இடது பக்கத்துச் சத்தம்

ஏற்றம் முடிகிற இடத்தில் இறக்கத்தை எச்சரிக்கும் மஞ்சள் பலகையைப் பார்த்ததும் லாரி ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தார். முன்னால் பதினொரு கிலோமீட்டர் இறக்கம், பின்னால் இருபத்தெட்டு டன் தரை ஓடு. இருபத்திரண்டு வருஷமாக எத்தனையோ இறக்கங்களை விசிலடித்துக்கொண்டே இறங்கிய ஆள்தான், ஆனால் அன்றைக்கு விசில் வரவில்லை. இடது பக்க இருக்கையில் அவருடைய சகலை. மனைவியின் தங்கையைக் கட்டியவர், அதே கம்பெனியில் மாற்று ஓட்டுநர். காலையில் வண்டி கிளம்பியதிலிருந்து வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தார். ஓட்டுநரும் அவர் மூச்சு வாங்குகிற இடம் பார்த்துப் பார்த்து ஒரு "ம்" போட்டுக்கொண்டு வந்தார். அந்தப் பேச்சில் முக்கால்வாசி தன் காதில் விழவே இல்லை என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

இடது காது போய் எட்டு மாதமாகிறது. ஒரு நாள் காலையில் போனை அந்தக் காதில் வைத்தபோதுதான் அவருக்கே தெரிந்தது. வலது காது ஏதோ பரவாயில்லை, காற்று அடித்தால் அதுவும் சந்தேகம். வீட்டில் மனைவி "நான் சொல்றது காதுல விழுதா இல்லையா?" என்று கத்தும்போதெல்லாம், எல்லா வீட்டிலும் புருஷன்மார் வாங்குகிற திட்டுதானே என்று அதற்குள்ளேயே ஒளிந்துகொண்டார். இப்போது கம்பெனியில் எல்லா ஓட்டுநர்களுக்கும் கண், காது பரிசோதனை என்று அறிவித்துவிட்டார்கள், வருகிற புதன்கிழமை. ஸ்டியரிங்கைப் பிடுங்கிவிட்டால் நாற்பத்தொன்பது வயதில் அவருக்கு வேறு எந்தப் பிழைப்பும் தெரியாது. எப்படியாவது சமாளித்துவிடலாம் என்று ஒரு நப்பாசை இருந்தது. ஆனால் சகலைக்குத் தெரிந்தால் முடிந்தது கதை. அவர் வாயில் விழுந்த சேதி பொழுது சாய்வதற்குள் ஆபீஸ் மேஜையில் இருக்கும்.

அன்றைக்கு ஓட்டுநரின் பயம் எக்ஸாஸ்ட் பிரேக்கைப் பற்றியது. அது சக்கரத்தைப் பிடிக்கிற பிரேக் இல்லை. புகைக்குழாய்க்குள் ஒரு தகடு மூடிக்கொள்ளும், வெளியேற வழியில்லாத புகை எஞ்சினையே அடக்கிப் பிடிக்கும். இறக்கம் தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்து, சுவிட்சைப் போட்டு, கிளட்சிலும் ஆக்சிலேட்டரிலும் கால் படாமல் விட்டால் வண்டி அடக்கமாக இறங்கும். அதை விட்டுவிட்டுக் கால் பிரேக்கையே மிதித்துக்கொண்டு போனால் பாதி வழியில் சக்கரத்தைப் பிடிக்கிற பிரேக் லைனிங் வெந்துவிடும். அப்புறம் காலடியில் பெடல் இருக்கும், பிரேக் இருக்காது. நேற்று மெக்கானிக் சொல்லியிருந்தார். "தகட்டுல கரி பிடிச்சு அப்பப்ப ஒட்டிக்குதுண்ணே. சுத்தம் பண்ணிட்டேன். இருந்தாலும் விளக்கு எரியுதேன்னு நம்பிடாதீங்க, தகடு மூடலன்னாலும் அது எரியும். தகடு மூடினா இடது பக்கம் உறுமும். இறக்கத்துல காதை மட்டும் கொஞ்சம் அந்தப் பக்கம் வைங்க." நல்ல யோசனைதான். எந்தக் காதை வைப்பது என்று அவர் கேட்கவில்லை.

மூன்றாவது கியருக்கு இறக்கி சுவிட்சைப் போட்டார். பச்சை விளக்கு எரிந்தது. அந்த அடித்தொண்டை உறுமலுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். ஒன்றுமில்லை. உறுமல் இல்லையா, தனக்குக் கேட்கவில்லையா? முன்பெல்லாம் உட்காருகிற இடத்திலேயே அதிர்வு தெரியும். போன மாதம் கம்பெனிக்காரர்கள் மாட்டிய, குலுக்கல் தெரியாத புதுக் காற்று இருக்கை அதையும் தின்றுவிட்டது. வேகமுள் மெல்ல ஏறியது. இருபத்தைந்து, முப்பது. ஒதுங்கி நிறுத்தலாமென்றால் ஓரத்தில் ஒரு முழம் இடமில்லை, பின்னால் ஒரு பஸ் வேறு ஒட்டிக்கொண்டு வந்தது. அதில் எத்தனை பேர் தூங்கிக்கொண்டு வருகிறார்களோ என்று நினைத்தார்.

"சகலை, பேச்சை நிறுத்து. சத்தம் வருதா?"

"என்ன சத்தம்?" ஓட்டுநர் தலையைத் திருப்பி அவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டார்.

"எக்ஸாஸ்ட் பிரேக். உன் பக்கம்தான். உறுமுதா?"

"ஏன், உனக்குக் கேக்கலையா?"

"கேக்கல. எட்டு மாசமா அந்தக் காது கேக்கல. வருதா இல்லையா, சொல்லித் தொலை!"

சகலை ஜன்னல் வழியே தலையை நீட்டி, உள்ளே இழுத்து, அவர் முகத்துக்கு நேராகக் கத்தினார். "வரல!"

ஓட்டுநர் பிரேக்கை ஒரே அழுத்தாக அழுத்தி வேகத்தைப் பன்னிரண்டுக்குக் கொண்டுவந்து, இரண்டாவது கியரில் போட்டு, காலை எடுத்தார். சுவிட்சை அணைத்துப் போட்டார். சகலை தலையை ஆட்டினார், இல்லை. மறுபடியும் அணைத்துப் போட்டார். இல்லை. முள் ஏறத் தொடங்கியது. கடவுளே, புதன்கிழமை என்னைத் தோற்கடி, இன்றைக்கு மட்டும் வேண்டாம் என்று மனதுக்குள் பேரம் பேசினார். மூன்றாவது தடவை சகலை டேஷ்போர்டை ஓங்கி அடித்தார். "வந்துடுச்சு! வந்துடுச்சு!"

முள் நின்றது. அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அதற்குப் பிறகு சகலை பேசவில்லை. வலது கையை ஓட்டுநரின் கண்ணில் படும்படி உயர்த்தி வைத்துக்கொண்டார். கை மேலே இருந்தால் சத்தம் இருக்கிறது என்று அர்த்தம், யாரும் யாருக்கும் சொல்லாமலே அது புரிந்தது. ஏழாவது வளைவில் கை ஒருமுறை சட்டென்று கீழே விழுந்தது. ஓட்டுநர் வண்டியைப் பிடித்து சுவிட்சைத் தட்டியதும் மறுபடி எழுந்தது. வலி எடுத்தபோது கையை மாற்றிக்கொண்டார். கல்யாண வீட்டில் மைக்கைப் பிடுங்கிப் பேசுகிற மனுஷன், அடிவாரம் வரை ஒரு வார்த்தை பேசாமல் வந்தார்.

அடிவாரத்தில் லாரிகள் நிற்கிற திடலில் ஓட்டுநர் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தார். பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டிப் போனது.

"புதன்கிழமை டெஸ்டு..." என்று ஆரம்பித்தார். ஆபீசில் சொல்லிவிடாதே என்று கேட்கத்தான் நினைத்தார். இன்றைக்கு நடந்ததற்குப் பிறகு எந்த வாயால் கேட்பது?

சகலை அதைக் கண்டுகொள்ளவே இல்லை. அவர் பக்கம் முழுக்கத் திரும்பி உட்கார்ந்து உரக்கக் கேட்டார். "அப்போ காலையில நான் சொன்னது?"

காலையில் ஊர் எல்லையைத் தாண்டும்போது சகலை துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெகுநேரம் என்னவோ சொன்னது ஞாபகம் வந்தது. வேர்வை என்று நினைத்திருந்தார்.

"நீ ம்னு சொன்ன. அப்புறம் சிரிச்ச. என்னடா இவன் மனுஷனான்னு நினைச்சேன்."

"சத்தியமா ஒண்ணுமே கேக்கல, சகலை. என்ன சொன்ன?"

சகலையின் குரல் இறங்கிவிட்டது. உதடுகள் அசைந்தன. உன் மச்சினி என்றது கேட்டது, கட்டி என்றது கேட்டது, நடுவில் டாக்டர் என்றது போலிருந்தது. ஓட்டுநர் "ம்" சொல்லவில்லை. காதைத் தொட்டுக் காட்டி, இல்லை என்று தலையசைத்தார்.

சகலை கதவைத் திறந்து இறங்கி, வலித்த கையைப் பிசைந்துகொண்டு, சூடு கக்கிக்கொண்டிருந்த லாரியின் முன்பக்கமாகச் சுற்றி வலது பக்கத்துக்கு நடந்தார். ஓட்டுநர் தன் பக்கத்து ஜன்னல் கண்ணாடியைக் கடைசி வரை இறக்கினார்.