குடிபாலாவில் ஆமாம் சொன்ன தலை

பத்மினியின் தலை எந்த நாளில் ஆடத் தொடங்கியது என்று குடிபாலாவில் யாருக்கும் தெரியாது. அது ஆடுவதை ஊர் கண்டுபிடித்த நாள் மட்டும் தெரியும். ஒரு வியாழக்கிழமை, எதிர்வீட்டு மணியம்மா பத்மினி வீட்டுக் கேட்டருகே நின்று தன் மருமகள் செங்கம்மாவைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினாள். சோம்பேறி என்றாள். பத்மினியின் தலை ஆமாம் என்றது. வாய்க்காரி என்றாள். ஆமாம். மூச்சு வாங்க நிறுத்தினாள். அப்போதும் ஆமாம், ஆமாம், ஆமாம். அறுபது வருஷமாக இப்படி ஒரு நியாயஸ்தியை மணியம்மா பார்த்ததில்லை. அன்று மாலைக்குள் ஊருக்கே சொல்லிவிட்டாள்.

பத்மினி வேண்டுமென்று ஆட்டவில்லை. உள்ளேயிருந்து யாரோ இடித்துக்கொண்டே இருப்பது போலத் தலை தானாக ஆடியது. மோவாயைக் கையால் பிடித்துப் பார்த்தாள். கையும் சேர்ந்து ஆமாம் சொன்னது. விட்டுவிட்டாள்.

விட்டதற்கு வேறு காரணமும் இருந்தது. புருஷன் தணிகாசலம் குவைத்தில் டிரைவர், போய் நாலு வருஷம். மகன் தமிழ்ச்செல்வன் பெங்களூரில் கார்மென்ட்ஸ் கம்பெனியில் துணி வெட்டினான். குவைத்துச் சம்பளத்தில் கட்டிய மூன்று அறை மெத்தை வீட்டில் பத்மினி ஒருத்திதான். ஒரு அறையிலேயே இருந்தால் மற்ற இரண்டும் கோபித்துக்கொள்ளும் என்று மூன்றிலும் முறைவைத்து உட்கார்ந்து வந்தாள். இப்போது வாசலில் ஆள் வர ஆரம்பித்தது.

அண்ணன் தம்பி பாகத் தகராறுக்காரர்கள் வந்தார்கள். இருவருக்குமே ஆமாம் கிடைத்தது. தேர்தலில் நின்ற இரண்டு பேரும் வந்தார்கள். இரண்டு பேரும் அவள் ஓட்டு தனக்குத்தான் என்று நிம்மதியாகப் போனார்கள். கிருஷ்ணப்பா வீட்டு ஆடுகூட வந்து, நின்று, கத்திவிட்டுத் திருப்தியோடு திரும்பியதாகச் சொல்வார்கள். அது கொஞ்சம் மிகை. ஆடு வந்தது முருங்கைத்தழைக்கு.

இதற்கு நடுவில் பத்மினிக்கு மூச்சு வாங்கியது. நாலு துணி பிழிந்தால் இடது கை செத்த கை மாதிரித் தொங்கியது. பக்கத்துச் சித்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே நர்ஸம்மா இடது மணிக்கட்டைப் பிடித்தாள். விரலை நகர்த்தி நகர்த்திப் பிடித்தாள். சந்தேகம் வந்து தன் நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டாள். அது இருந்தது.

"இந்தக் கையில நாடியே இல்லியேம்மா!"

செய்தி பஸ்ஸைவிட வேகமாக ஊர் வந்து சேர்ந்தது.

"இன்னாடி பத்மினி, பாதி செத்துட்டியாமே?" என்று மணியம்மா கேட்டாள்.

தலை ஆமாம் என்றது.

சித்தூரில் சீட்டு எழுதிக் கொடுத்துத் திருப்பதி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மொட்டை போடப் போகிறவர்களுக்கு நடுவே பஸ்ஸில் தனியாகப் போனாள். டாக்டர் ஆதிநாராயணன் அவளைத் தொடவே இல்லை. அவள் தலையையும் தன் வாட்சையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தொண்ணூத்தாறு" என்றார்.

"இன்னா சார் அது?"

"உன் நாடிம்மா. கையில கெடைக்கல, தலையிலயே எண்ணிட்டேன்."

பிறகு படம் போட்டுக் காட்டினார். "பெரிய ரத்தக்குழாய்ங்களோட சுவர் வீங்கியிருக்கு. உடம்பே தன்னோட குழாயை எதிரின்னு நெனைச்சுச் சண்டை போடுது. இடது கைக்குப் போற குழாய் அடைச்சுப்போச்சு. நெஞ்சுலேர்ந்து கிளம்பற குழாய் அகண்டுபோச்சு. அதோட வாயில கதவு மாதிரி ஒரு வால்வு இருக்கு. நெலை அகண்டா கதவு சேருமா? சேராது. தள்ளின ரத்தத்துல பாதி திரும்பி உள்ளயே வருது. அதனால நெஞ்சு ஒவ்வொரு தடவையும் ரெண்டு பங்கு பலமா ஒதைக்குது. அந்த ஒதைதான் தலை ஆடறது. அர்த்தமயிந்தா, புரிஞ்சுதா?"

வீக்கம் இருக்கும்போது தைத்தால் தையல் நிற்காது, மூன்று மாதம் மாத்திரை, அப்புறம் கதவை மாற்றலாம் என்றார். மாற்றாவிட்டால் நெஞ்சு ரொம்ப நாள் தாங்காது என்றும் சொன்னார்.

"மாத்தினா தலை ஆடாதா சார்?"

"ஆடாது."

அவள் சந்தோஷப்படுவாள் என்று அவர் எதிர்பார்த்திருப்பார். அவள் திருப்பதியிலிருந்து வீடு வரைக்கும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதையே யோசித்தாள். தலை நின்றால் வாசலில் யார் வருவார்கள்?

மாத்திரையில் முகம் பூரி மாதிரி உப்பியது. குவைத்துச் சாப்பாடு என்று ஊர் முடிவு செய்தது. வருகிறவர்கள் குறையவில்லை. மூன்று மாதம் நாலாகி, ஐந்தாகியும் அவள் திருப்பதிப் பக்கம் போகவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கமலம்மாவின் எஸ்.டி.டி. பூத்துக்குத் தணிகாசலம் போன் போடுவான். அந்த ஒரு இடத்தில்தான் அவள் தலைக்கு மதிப்பில்லை.

"ஒடம்பு எப்படி இருக்குது? மாத்திரை துன்றியா?"

தலை ஆடியது. கம்பியில் இரைச்சல் ஓடியது.

"ஏய், லைன்ல இருக்கியா?"

"இருக்கேன். ஆபரேசன் பண்ணணும்னு சொல்றாங்க."

"எனக்கு லீவு குடுக்க மாட்டான்மே. நீயே பார்த்து ஒரு முடிவு பண்ணு. தமிழு இருக்கான் இல்ல?"

முடிவு பண்ண அவளை விடவில்லை, மணியம்மா முந்திக்கொண்டாள். மறுவாரம் வந்து கேட்டருகே நின்றாள்.

"செங்கம்மாவ அவ ஆத்தா வூட்டுக்கே தொரத்திடலாம்னு இருக்கேன். பலமனேருக்கே போயி தக்காளி பொறுக்கட்டும். இன்னாடி சொல்ற?"

"வேணாம்கா" என்றாள் பத்மினி. வாயால், தெளிவாக. "அது நல்ல பொண்ணு. தப்பு ஒங்க மேலதான்."

மணியம்மாவின் கண் அவள் தலைமேல்தான் இருந்தது.

"அதான் நானும் சொல்லிக்கினு இருக்கேன்" என்று முந்தானையை உதறிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலையில் செங்கம்மா ஒரு பையோடு பஸ்ஸுக்கு நடந்தாள். பத்மினியின் வாசலைத் தாண்டும்போது நின்று, நிமிர்ந்து பார்த்தாள். போகாதே என்று சொல்லப் பத்மினி வாயெடுத்தாள், மூச்சு அடைத்தது. தலை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. ஆமாம், போ. ஆமாம், போ. இரண்டு கையாலும் தலையைப் பிடித்து நிறுத்தப் பார்த்தாள். செங்கம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பஸ் புறப்பட்ட சத்தம் கேட்டது.

அன்றைக்கே பெங்களூருக்குப் போன் போட்டாள். தமிழ்ச்செல்வன் ஆறு நாள் லீவு சொல்லி வந்தான், திருப்பதிக்குக் கூட்டிப்போனான், ரத்தம் கொடுத்தான், கையெழுத்துப் போட்டான். டாக்டர் கட்டிலருகே வந்தார்.

"ஆபரேஷன் பண்ணிடலாமா?"

தலை ஆடியது.

"அதை விடு. அது எப்பவும் ஆமாம்னுதான் சொல்லும். நீ சொல்லு."

தன் வாயை ஒருவர் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று பத்மினிக்கு நினைவில்லை.

"பண்ணுங்க சார்."

கண் விழித்தபோது உலகம் ஆடாமல் நின்றது. இத்தனை நாளாக மின்விசிறிதான் ஆடுகிறது என்று நினைத்திருந்தாள். அது பாவம், நேராகத்தான் சுற்றியது. நெஞ்சுக்குள் உலோகக் கதவு டிக் டிக் என்று அடித்தது. மகன் ஏழாம் நாள் வேலைக்குப் போய்விட்டான்.

வீட்டுக்கு வந்த மறுநாள் மணியம்மா வந்தாள். தன் மகன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, பேரப்பிள்ளை அம்மாவைக் கேட்டு அழுகிறது, எல்லாம் செங்கம்மா வைத்த சூனியம் என்று அரை மணி நேரம் பேசினாள். பத்மினியின் தலை கோயில் தூண் மாதிரி நின்றது.

"இன்னாடி, எம்மேல கோவமா?"

"இல்லக்கா. கதவ மாத்திட்டாங்க."

"அப்ப நான் சொல்றது சரிதான?"

"சரியில்ல. அன்னிக்கும் வேணாம்னுதான் சொன்னேன். நீங்க காதுல வாங்கல. போய் செங்கம்மாவக் கூட்டிக்கினு வாங்க."

மணியம்மா எழுந்துவிட்டாள். திருப்பதியில் ஒரு நல்ல பொம்பளையை அறுத்துக் கெடுத்துவிட்டார்கள் என்ற சேதி அன்று பொழுது சாய்வதற்குள் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. அப்புறம் யாரும் வரவில்லை. பாகத் தகராறு அண்ணனும் வரவில்லை, தம்பியும் வரவில்லை. தேர்தலில் தோற்றவர் தெருவின் மறுபக்கமாக நடந்தார். பதினோரு நாள். வீடு அமைதியாக இருந்ததால் டிக் டிக் சத்தம் சமையலறைச் சுவரில் மோதித் திரும்பி வந்தது. ஒருநாள் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று எழுந்து வாசல்வரை போய்விட்டு வந்தாள்.

பன்னிரண்டாம் நாள் மணியம்மா கேட்டுக்கு வெளியே வந்து நின்றாள். முகம் கடுகடுவென்று இருந்தது.

"உள்ள வாங்கக்கா."

"வரமாட்டேன். எதுக்கு வேணாம்னு சொன்ன? அத மொதல்ல சொல்லு."

இந்தக் கேள்வியை அவளிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது என்று பத்மினிக்குத் தெரியவில்லை. கேட்டின் இந்தப் பக்கம் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தாள். செங்கம்மா விடியற்காலையில் தண்ணீர் தூக்குவதைச் சொன்னாள். காய்ச்சலோடு அவள் வயலுக்குப் போனதைச் சொன்னாள்.

"பொய்யி" என்றாள் மணியம்மா.

"நான் பார்த்தேன்கா."

"நீ எங்க பார்த்த?"

"இங்கருந்துதான். எனக்கு வேற இன்னா வேல?"

மணியம்மா கேட்டைத் திறக்கவும் இல்லை, போகவும் இல்லை.

"ம், அப்பால?" என்றாள்.